நீல ஒயர்

மேசைக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்தபடி அபிதகுசாம்பாள் அந்த நீல ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றதெல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டது. கறுப்பு ஒயர் கம்ப்யூட்டருக்கு. இன்னொரு கறுப்பு மானிட்டருக்கு. சாம்பல் நிறத்தது பிரிண்டருக்கு. எங்கும் போகாமல் சும்மா கிடந்த பழைய சார்ஜர் ஒயர் ஒன்றையும் சுருட்டி வெளியே எறிந்தாயிற்று. தறியில் கழித்துப்போட்ட பட்டு நூலைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒயரையும் மேசைக் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வந்தாள்.

போன வாரம் அவள் பெருக்கும்போது துடைப்பம் ஒயரில் மாட்டிக் கம்ப்யூட்டர் அணைந்துபோனது. அவள் கணவன் தனசேகரன் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போடுகிறவன். காலையிலிருந்து வரைந்த முந்தானை மொத்தமும் போயிற்று.

அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான்.

அதனால்தான் இன்று அவன் களம்பூர் கிளம்பியதும் அவள் மேசைக்கடியில் புகுந்தாள்.

மேசை லேசுப்பட்டதல்ல. வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு. வேலூரில் ஏதோ பங்களா சாமான்களை ஏலம் விட்டபோது மாமனார் எடுத்தது. நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. பாகம் பிரித்து வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பியபோதும் அது நின்ற இடத்திலேயே நின்றது. சுவர்தான் அதன் முதுகை ஒட்டி எழும்பியது.

சுவருக்கு அந்தப் பக்கம் தனசேகரனின் அண்ணன் பலராமனும் அவர் மனைவி லீலாவும். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. பஜாரில் எதிரே வந்தால்கூட அபிதா புடவைக் கடை பொம்மையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொள்வாள்.

நீல ஒயர் மேசை மேல் இருந்த வெள்ளைப் பெட்டியில் தொடங்கியது. பச்சை விளக்கு மினுக்குகிற நெட் பெட்டி. அங்கிருந்து இறங்கி, பின்னங்காலைச் சுற்றி, சுவருக்குப் போனது. சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.

ஒயர் அதற்குள் போய்விட்டது.

செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். ஓட்டையைச் சுற்றி சிமெண்ட் பூசி, மேலே சுண்ணாம்பும் அடித்திருந்தது. யாரோ நிதானமாகச் செய்த வேலை.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பக்கம் இவர்களுக்கு என்ன இருக்கிறது?

பிறகு விளங்கிய மாதிரி இருந்தது. விளங்கியதும் காது மடல் சூடானது.

"நம்ம நெட்டை அங்க குடுத்துகினு இருக்கிறாரா இந்த மனுசன்?"

வெள்ளைப் பெட்டியிலிருந்து நீல ஒயரை வெடுக்கென்று பிடுங்கினாள்.

பச்சை அணைந்தது. சிவப்பு எரிந்தது. செல்போனில் நெட் இல்லை.

திரும்பச் சொருகினாள். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பச்சை வந்தது. பிடுங்கினாள். சிவப்பு.

அங்கே போகிறதைப் பிடுங்கினால் இங்கே ஏன் நின்றுபோகிறது?

வேறு ஒயரைத் தொட்டுவிட்டோமோ என்று, கட்டி வைத்ததையெல்லாம் அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து தடவிப் பார்த்தாள். அதேதான். வெளியிலிருந்து இந்த வீட்டுக்குள் வருகிற ஒயர் என்று வேறு ஒன்று இல்லவே இல்லை.

போன ஆடியில் டிசைன் வேலை வராமல், நெட்டை நிறுத்திவிட்டதாக தனசேகரன் சொன்னது ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளில் "வந்துடுச்சு" என்றான். எப்படி வந்தது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

நீல ஒயரைச் சொருகிவிட்டு, மறுமுனை எதில்தான் இருக்கிறது என்று சுவரோரம் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கையில் சுற்றிக்கொண்டு பலமாக இழுத்தாள்.

அந்தப் பக்கம் எதுவோ தடாலென்று விழுந்தது.

"டேய் சேகரு, மெதுவா இழுடா! மோடம் கீழ விழுந்துட்டுது பாரு."

பலராமனின் குரல். ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்து பேசுகிற குரல்.

"இன்னாடா, சத்தத்தையே காணோம்? அவ வெளிய போயிட்டா இல்ல?"



அண்ணனும் தம்பியும் எப்போதிலிருந்து பேசிக்கொள்கிறார்கள்? யார் முதலில் பேசியது? அவள் கோயிலுக்கும் கடைக்கும் போய்வந்த நேரமெல்லாம் இந்த மேசைக்கடியில் என்ன நடந்தது? கோபப்பட வேண்டுமா, அழ வேண்டுமா என்றே தெரியவில்லை. ஒயர் இன்னும் கையில் சுற்றியிருந்தது. அதை அவிழ்க்கவும் தோன்றவில்லை.

பாகம் பிரித்தபோது அண்ணன் தம்பிக்குள் ஒரு சண்டையும் இல்லை. பொதுவாசல் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருவரும் சொன்னார்கள். சுவர் எழுப்பினால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் பிடித்து, கொத்தனார் வேலை முடிக்கும்வரை கூடவே நின்றவள் அவள்தான்.

"எடுத்து மாட்டிட்டேன். வந்துதா பாரு" என்றார் பலராமன்.

அபிதா எக்கி மேசை மேல் பார்த்தாள். சிவப்பு. பிறகு பச்சை.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வந்துடுச்சுங்க மாமா."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. வளையல் சத்தம் கிட்டே வந்தது.

"யாரு, அபிதாவா? இன்னா சொல்றா?" லீலா ரகசியமாகக் கேட்பது இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது.

பலராமனும் ரகசியமாகத்தான் சொன்னார்.

"மாமான்னு கூப்புட்றாடி."