ஒரு சுற்று முன்னால்

நாற்பத்தெட்டு மணி நேரத்தில் செங்காங் பூங்காவை அதிகமுறை சுற்றிவருபவருக்கே கோப்பை. இரண்டாம் நாள் மதியம் ஜலாலுதீனுக்கு நாக்குத் தள்ளியது. சுற்றுக் கணக்கு காட்டும் திரையைப் பார்த்தார். ஜலாலுதீன் 131, டெஸ்மண்ட் 130.

"சாப்பிட்டு வர்றேன்னு போனவன், விடாம துரத்துறானே! அவன் படுத்தாத்தான நான் படுக்க முடியும்?"

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் மூன்று சுற்று ஓடினார். டெஸ்மண்டுக்கும் மூன்று கூடியது. பாதையில்தான் ஆளைக் காணோம்.

சந்தேகப்பட்டு நண்பர் டெஸ்மண்டின் கூடாரத் துணியை விலக்கினார். உள்ளே குறட்டைச் சத்தம்.

"டேய் டெஸ்மண்ட்! நீ இங்க கெடக்க, உன் கணக்கு எப்படிடா ஏறுது?"

"தெரியல லா. சாப்பிட்டதும் படுத்துட்டேன்."

"சுத்து எண்ணுமே, அந்த சிப் எங்க?"

"கால் வீங்கிருச்சு. கழட்டி ஈவா ஹேண்ட்பேக்ல போட்டேன்."

"உன் பொண்டாட்டி எங்க?"

"உன் பொண்டாட்டிகூடப் பேசிக்கிட்டே பூங்காவச் சுத்தி நடக்குறா."

ஜலாலுதீன் நொண்டிக்கொண்டே போய் இருவரையும் பிடித்தார்.

"என்னங்க, இப்படி மூச்சு வாங்குது?" என்றாள் ஹலீமா. "ஈவாவுக்கு எங்க அக்கா மக கல்யாணத்தச் சொல்லிட்டிருக்கேன். ரெண்டு மணி நேரமாச்சு, இன்னும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே வந்து எறங்கல."

ஜலாலுதீன் ஒரு கணம் யோசித்தார். குனிந்து, தன் காலிலிருந்த சிப்பைக் கழற்றி மனைவியின் கைப்பைக்குள் போட்டார்.

"ஒண்ணும் அவசரமில்ல ஹலீமா. பிரியாணி வரைக்கும் விவரமாச் சொல்லு. ஈவாவ மட்டும் முன்னால விட்டுடாத."

நேரே போய் டெஸ்மண்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.