அத்தை பேசும் இடம்

மணி மூன்று அடித்ததும் கண்ணாடிக்காரர் இன்றும் வந்துவிட்டார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு இருட்டறைக்குள் போய், திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

கலைக்கூடத்தில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. கதவோரம் நின்ற காவல்காரிக்கு அது உறுத்தியது.

திரையில் ஓடுவது அவள் பிறந்த தீவு. கேமராக்காரம்மா ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே தங்கி எடுத்த படம். அடுத்த படத்துக்காக இப்போதும் அங்கேதான் இருக்கிறார்.

தீவின் மேல்கரை தனக்கே என்று ஓர் ஓட்டல் கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. அங்கே எல்லைக்கல் இருந்ததே இல்லையாம். இருந்த கற்களில் இரண்டு இரவோடு இரவாகக் காணாமல் போயின. எடுத்தது யார் என்று ஊருக்குத் தெரியும், சாட்சிதான் இல்லை. மிச்சமிருந்த ஒன்றை ஊரே சேர்ந்து மண்ணைப் போட்டு மூடிவைத்தது.

படத்தில் அவளுடைய அத்தை எல்லையோரமாக நடந்தாள். கண்ணாடிக்காரர் கண்ணெடுக்காமல் படத்தில் தெரிந்த தரையையே பார்த்தார். சவுக்கு மரத்தடியில் அத்தை நின்றாள். அவள் முகம் திரையை நிறைத்தது.

"இந்த மணலெல்லாம் நான் வாக்கப்பட்டு வந்தப்ப இல்ல. அந்தப் பக்கம் தின்ன கடல், இந்தப் பக்கம் கொண்டாந்து துப்புச்சு."

கண்ணாடிக்காரர் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார். நேற்றும் அத்தை பேசும் இடத்தில் அதைத்தான் செய்தார்.

வெளியே வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் அப்பாவும் அந்தத் தீவில் பிறந்தவர்தான், பிழைப்புக்காகக் கரையேறியவர், சாகும்வரை அந்த மண்ணையே பேசினார் என்றார். அவளும் அந்த ஊர்தான் என்று கேள்விப்பட்டாராம். யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை.

"கரும்பாறை பக்கத்துலதான் எல்லைக்கல்லுன்னு அப்பா சொல்வாரு. ஒரு தடவை தொட்டுக் கும்பிடணும் தங்கச்சி."

"பாறைகிட்ட இல்லண்ணே" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் விடவில்லை. செத்தவர் ஆசை என்றார். கூடப் பிறந்தவளாக நினைத்துக் கேட்கிறேன் என்றார். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சவுக்கு மரத்தடி. கிழக்கால. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கண்ணாடிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அவசரத்தில் செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு, படியிறங்கும்போதே யாரையோ கைபேசியில் கூப்பிட்டார்.

அவர் கார் தெருமுனையில் திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் கைபேசியை எடுத்தாள்.

"அத்தை, கல்லே இல்லாத அந்தச் சவுக்கடியில தோண்ட வர்றாங்க. கேமராக்காரம்மா பக்கத்துலதானே இருக்காங்க?"