மேல் ஏரிப் பரீட்சை

“மூச்சு வாங்குதா, மாப்பிள்ளை? இன்னும் கீழ் ஏரியே வரலை.”

கெர்னோட் திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார். பின்னால் ஹார்ட்விக் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதில் சொல்லவும் மூச்சு வேண்டுமே.

ரோஸ்விதாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் கெர்னோட்டோடு மேல் ஏரி வரை நடந்து காட்ட வேண்டும். ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவர் அவர். வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம். அதுவும் மே மாதத்தில்தான் கூப்பிடுவார். பள்ளத்தாக்கில் ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும். மேலே பனி இன்னும் இடத்தைக் காலி செய்திருக்காது.

“உங்களுக்கு முன்னால ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். ஒருத்தர், பூட்ஸ் கடிக்குதுன்னு இந்த வளைவோட திரும்பிட்டார். இன்னொருத்தர் பல் டாக்டர். மேல் ஏரி வரைக்கும் வந்தார். மறுநாளே போன் நம்பரை மாத்திட்டார்.”

“என் நம்பர் மாறாது,” என்றார் ஹார்ட்விக்.

கீழ் ஏரியில் பாதி தண்ணீர், பாதி பனிக்கட்டி. கெர்னோட் வெயில் விழுந்த ஒரு கல்லாகப் பார்த்து உட்கார்ந்தார். பேனாக்கத்தியால் உப்பிட்ட பன்றி இறைச்சியை மெல்லிசாகச் சீவி, கறுப்பு ரொட்டியில் வைத்துத் தின்றார். எதிரில் இருப்பவருக்கும் பசிக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

“அவ இருந்தாத்தான் அது வீடு,” என்றார் மென்றுகொண்டே. “ஞாயித்துக்கிழமை வறுவல். திங்கக்கிழமை அலமாரியைத் திறந்தா அயர்ன் பண்ணின சட்டை. நாளைக்கே அவ உங்க பின்னாடி வந்துட்டா, இதையெல்லாம் யார் பாக்கறது?”

“சட்டையை நீங்களே தேய்க்கலாமே.”

பெரிய நகைச்சுவையைக் கேட்டதுபோல் கெர்னோட் தொடையில் தட்டிச் சிரித்தார். “மாப்பிள்ளைக்கு வாய் நல்லா வருது. கால்தான் வரமாட்டேங்குது.”

“அவளுக்கு என்ன வேணும்னு எப்பவாவது கேட்டீங்களா?”

“எதுக்குக் கேக்கணும்? அவ வெகுளி. யார் சிரிச்சுப் பேசினாலும் நம்பிடுவா. அவளுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்.”

ஹார்ட்விக் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ‘என்ன சொன்னாலும் கோபப்படாம நடங்க’ என்று ரோஸ்விதா சொல்லி அனுப்பியிருந்தாள்.

மேல் ஏரிக்குப் போகிற சரிவில் வெயில் ஏறிவிட்டிருந்தது. காலையில் சிமென்ட்போல் இருந்த பனி இப்போது கூழாகியிருந்தது. சிவப்பு, வெள்ளைக் கோடு போட்டு அடையாளம் காட்டிய பாதை, பாறை ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனது. கெர்னோட் பனிமேல் நேராக ஏறினார்.

“பாதை அந்தப் பக்கம்தானே?”

“பாதையெல்லாம் நகரத்துலேர்ந்து வர்றவங்களுக்கு, மாப்பிள்ளை. பயமா இருந்தா நீங்க சுத்திட்டு வாங்க. மேல காத்திருக்கேன்.”

பத்தடி போயிருப்பார். ‘சளக்’கென்று ஒரு சத்தம். தீயணைப்புப் படைத் தலைவர் இடுப்பு வரை பனிக்குள் போயிருந்தார். அடியில் ஓடிய ஓடை பூட்ஸுக்குள் புகுந்தது. வலது கால் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், இன்னும் ஒரு சாண் இறங்கியதுதான் மிச்சம்.

ஹார்ட்விக் பாறை ஓரமாகவே பக்கத்தில் வந்து, பனியில் குப்புறப் படுத்தார். “மீட்புப் படையைக் கூப்பிடட்டுமா?”

“வேண்டாம். ஊரே சிரிக்கும்.”

அது நியாயம்தான். ஹார்ட்விக் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து, அதன் மூடியால் பனியைத் தோண்ட ஆரம்பித்தார். தோண்டிக்கொண்டே கேட்டார், “எங்க கல்யாணத்துக்குச் சம்மதம்தானே?”

“ஆளை மடக்கி வச்சுக் கேக்கறீங்களா? இப்ப சரின்னு சொல்லிட்டு, கீழ போனதும் முடியாதும்பேன்.”

“தாராளமாச் சொல்லுங்க. நேத்துக் காலையிலேயே பதிவு பண்ணியாச்சு.”

கெர்னோட் காலை இழுப்பதை விட்டுவிட்டார். “என்கிட்ட அவ ஒரு வார்த்தை சொல்லலையே.”

“வீட்டுல சொன்னா, பக்கத்து வீடு வரைக்கும் கேக்கற மாதிரி கத்துவீங்களாம். ‘மலைக்குக் கூட்டிட்டுப் போவான். அங்க வச்சுச் சொல்லிடுங்க’ன்னா.”

கெர்னோட் கத்தினார். நன்றாகவே கத்தினார். எதிர்ச் சரிவு அதை வாங்கி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தது. ஏரிக்கரையில் ஒரு காகம் இடம் மாறி உட்கார்ந்தது. அதற்குள் கல்லின் விளிம்பு தெரிந்துவிட்டது. இனி மேலிருந்து ஒருவர் இழுத்தால் கால் வந்துவிடும்.

ஹார்ட்விக் மூடியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். ஈரக் கையுறையைக் கழற்றிப் பிழிந்தார். அவசரமே இல்லை அவருக்கு.

“யோவ், என்னய்யா வேடிக்கை பாக்கறே? கால் மரத்துப் போச்சு. கையைக் குடு.”

ஹார்ட்விக் கையை நீட்டினார். அது கெர்னோட்டுக்கு எட்டுவதற்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்திக்கொண்டு சொன்னார்:

“அம்மாவைக் கட்டினவனை அப்பான்னு கூப்பிடணும்டா.”