வாலறுந்த டார்வெல்

வினிஃப்ரெட்டின் மாட்டுப்பண்ணையில், வைக்கோலுக்கு அடியிலிருந்து வெளியே வந்த துருப்பிடித்த காரின் அடிச்சட்டமான சேஸிஸைச் சுற்றி மூன்று கிழவர்கள் ஸ்பானரும் கையுமாக நின்றார்கள்.

நான்காமவர் ஆம்ப்ரோஸ், கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். துண்டு இரும்பைக் காட்டினால் போதும், இன்ன வண்டி, இன்ன வருஷம் என்று சொல்லிவிடுவார். பழைய கார் சங்கத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. இன்றைக்கு என்னவோ, உள்ளே வரக் காலே எழவில்லை.

"முன் அச்சைப் பாருங்கய்யா. க்ரேடாக்கேதான்!" என்றார் சங்கச் செயலாளர் லயனல். அவர் வீட்டில் முன் அச்சு முறிந்த க்ரேடாக் கார் ஒன்று ஏழு வருஷமாகப் படுத்துக் கிடக்கிறது.

"போய்யா. ஸ்டியரிங் பெட்டி வென்லாக் பெட்டி," என்றார் பார்னபி. ஸ்டியரிங் பெட்டி இல்லாத வென்லாக் யாரிடம் இருக்கிறது என்று சொல்லவும் வேண்டுமா?

மூன்றாமவர் கத்பர்ட் பேச்சு வளர்க்கவில்லை. பிரேக் டிரம்மின் போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட ஆரம்பித்துவிட்டார்.

பெயர் தெரியாத வண்டி வண்டியே இல்லை, உதிரிபாகம்தான் என்பது சங்கத்து விதி. மத்தியானத்துக்குள் பெயர் கிடைக்காவிட்டால் ஆளுக்கொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம். வினிஃப்ரெட்டுக்கோ அதை ஒருநாளாவது ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று கொள்ளை ஆசை.

"நீங்களாவது வாயைத் திறங்களேன் பெரியவரே! இவங்க கல்யாணப் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி நிக்கிறாங்க," என்றாள்.

வாயைத் திறந்தால் ஆம்ப்ரோஸின் மானம் போகும். திறக்காவிட்டால் வண்டி போகும்.

"டார்வெல்," என்றார்.

மூன்று பேரும் சிரித்தார்கள். டார்வெல் மொத்தமே ஆறுதான் செய்தார்கள். ஐந்தைப் போர்க்காலத்தில் உருக்கிவிட்டார்கள். ஆறாவதை எவனோ ஒரு பாவி ரம்பத்தால் அறுத்துப் போட்டான் என்று முப்பது வருஷமாகச் சங்கப் பத்திரிகையில் கட்டுரை எழுதி வருபவரே ஆம்ப்ரோஸ்தான். படித்துவிட்டு அழுதவர்கள்கூட உண்டு.

"டார்வெல்லை யாருய்யா கண்ணால பார்த்தது?" என்றார் லயனல்.

ஆம்ப்ரோஸ் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாணித் தரையில் மல்லாந்து படுத்தார். விளக்குகூடக் கேட்கவில்லை. வலப்பக்க ஸ்பிரிங்குக்கு உள்புறம் கையை விட்டு, கைக்குட்டையால் அழுந்தத் துடைத்தார்.

லயனல் டார்ச் அடித்துப் பார்த்தார். இரும்பில் டார்வெல், ஆறு என்று குத்தியிருந்தது.

கத்பர்ட் எண்ணெய்க் குப்பியை மூடிக்கொண்டார்.

அப்புறம் என்ன, கைகுலுக்கலும் முதுகில் தட்டலும்தான். வினிஃப்ரெட் ஆம்ப்ரோஸின் வழுக்கையில் ஒரு முத்தமே கொடுத்துவிட்டாள். பின்பக்கம் போன லயனல்தான் முதலில் நிதானத்துக்கு வந்தார். சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களும் கோணல்மாணலாக அறுபட்டிருந்தன. கடைசி இரண்டடியைக் காணோம்.

"எந்தக் கழுதை இப்படி அறுத்து வச்சான்? கண்ணைக் கட்டிக்கிட்டு அறுத்திருப்பானோ?"

"அவன் கை விளங்காமப் போக," என்றார் பார்னபி.

பழக்கதோஷம், ஆம்ப்ரோஸும் தன் பங்குக்கு அதைவிடக் காரமாக இரண்டு சேர்த்தார்.

வினிஃப்ரெட்டின் முகம் வாடிவிட்டது. "வால் இல்லாம இதைச் சங்கத்துல வண்டின்னு ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்க மாட்டாங்கம்மா," என்றார் லயனல். அவர் கண் மறுபடியும் முன் அச்சுக்குப் போயிற்று.

ஆம்ப்ரோஸ் எழுந்து வெளியே போனார். தன் காரின் டிக்கியைத் திறந்து, எந்நேரமும் அங்கேயே கிடக்கும், கம்பளியில் சுற்றிய எதையோ மூச்சிரைக்கத் தூக்கி வந்தார். பிரித்தால் இரண்டடி நீளத்தில் இரண்டு இரும்புச் சட்டத் துண்டுகள், ஒரு பொட்டுத் துரு இல்லை. வருஷா வருஷம் எண்ணெய் பூசிய பளபளப்பு.

மண்டியிட்டு அவற்றைச் சேஸிஸின் முனைகளோடு சேர்த்து வைத்தார். கோணலோடு கோணல் அப்படியே பொருந்தியது.

லயனலின் கையில் டார்ச் அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்தது.

வினிஃப்ரெட் அவர் பக்கத்தில் குந்தினாள். "அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"பத்தொன்பது."

"எதுக்குத்தான் அறுத்தீங்க?"

"ஷெட்டுக் கதவு சாத்த வரலைம்மா," என்றார் ஆம்ப்ரோஸ்.