கதவிடுக்கில் ஓர் அட்டை

"இதோ, மறுபடியும்."

மாலை நடையை முடித்துக்கொண்டு வந்த செக்கர், மடித்த அட்டைத் துண்டு ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி மாடிப்படியில் நின்றார். செத்த எலியைக்கூட யாரும் அவ்வளவு அருவருப்பாகப் பிடிக்கமாட்டார்கள்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அந்த அடுக்குமாடிக்குச் செயலாளர். கீழே நிறுத்தியிருந்த சைக்கிள் ஒன்று காணாமல் போனதும், வாசலுக்குத் தானே மூடித் தானே பூட்டிக்கொள்ளும் கண்ணாடிக் கதவைப் போட வைத்தவர் அவர்தான். வீட்டுக்கு ஒரு சாவி.

ஆனால் சாயங்காலம் ஆனால் போதும், யாரோ கதவிடுக்கில் அட்டையைச் செருகி, பூட்ட விடாமல் செய்துவிடுகிறார்கள்.

சத்தம் கேட்டு எல்லாரும் படியில் கூடினார்கள்.

"காலம் கெட்டுக் கிடக்குங்க. அடுத்த தெருவுல காயப்போட்ட துணியைக்கூட விட்டு வைக்கலையாம்" என்றாள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா.

"துணியா? ஆளையே தூக்கிட்டாங்கன்னு நான் கேள்விப்பட்டேன்" என்றார் டியூஷன் வாத்தியார்.

"ஐயோ, யாரை?"

"அது தெரியல. ஆனா தூக்கிட்டாங்க."

செக்கர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேல்மாடியைப் பார்த்தார். அங்கே தனியாகக் குடியிருக்கும் இளைஞன் கைப்பிடியில் சாய்ந்து நின்றிருந்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை.

"கண்ட நேரத்துல வர்றது, போறது, பாட்டு, கூட்டாளிங்க, சிரிப்பு. இதுவும் அங்கிருந்துதான் வருது. ஓடற ரயில்ல டிக்கெட் இல்லாதவனை முழியை வெச்சே கண்டுபிடிச்சவன் நான். கையும் களவுமா பிடிச்சேன்னா, அன்னைக்கே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிக் காலி பண்ண வெச்சிடுவேன்."

நர்ஸ் தம்பி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

வீட்டுக்குள் வந்ததும், பிரார்த்தனையை முடித்திருந்த செக்கரின் மனைவி மெல்ல ஆரம்பித்தாள். "தனி ஆளுக்கு யாருங்க வீடு குடுக்கறாங்க? பாவம், எங்கெங்கேயோ அலைஞ்சு இங்க வந்து சேர்ந்திருக்கு அந்தப் பிள்ளை."

"உனக்கு உலகம் தெரியாது. நீ பிரார்த்தனையைப் பாரு."

சொல்லிவிட்டு பீரோவைத் திறந்தார். வாசல் சாவிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே பறிமுதல் செய்த அட்டைகள் வரிசையாக இருந்தன. அன்றைய அட்டையையும் அடுக்கி, பீரோவைப் பூட்டி, இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் வழக்கம்போல நடைக்குக் கிளம்பினார். ஆனால் தெருமுனைக்குப் போகவில்லை. எதிரே நின்ற வேனுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். முட்டி வலி உயிரை எடுத்தது. கடமை என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் தம்பி படியிறங்கி வந்தான். கதவைத் திறந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். இடுக்கில் அட்டையைச் செருகிவிட்டுத் திரும்பினான்.

"பிடிச்சுட்டேன்!"

செக்கர் தெருவைத் தாண்டி ஓடிவந்து அட்டையை வெடுக்கென்று உருவினார். கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது.

உள்ளே திருடன். வெளியே செக்கர்.

"யாருக்காகத் திறந்து வெக்கற? எந்தக் கூட்டாளி வரப்போறான்? சொல்லு" என்று கண்ணாடியைத் தட்டினார்.

"வேண்டாம், விடுங்க சார்."

"என்ன வேண்டாம்? இப்பவே எல்லார் முன்னாலயும் சொல்லியாகணும்."

தையல்காரம்மா ஜன்னலைத் திறந்தாள். வாத்தியார் பால்கனிக்கு வந்தார். பிரார்த்தனையைப் பாதியில் விட்டு எழவே எழாத செக்கர் மனைவிகூட அன்றைக்கு அவசரமாக முடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"நான் இதோ உள்ள வரேன். நீயும் பாரு, இவனை என்ன பண்றேன்னு" என்று அவளிடம் சொல்லிவிட்டு செக்கர் பையில் கை விட்டார். சட்டைப்பை. அப்புறம் கால்சட்டைப்பை. மறுபடி சட்டைப்பை.

"சாவியைத் தேடறீங்களா?" என்றாள் மனைவி மேலேயிருந்து. "அது பீரோவுல இருக்கு. வெளியில எடுத்துட்டுப் போனா எவனாவது அடிச்சிடுவான்னு நீங்கதானே அதை வீட்டை விட்டே எடுக்கறதில்லை."

"ஆமா, அதுக்கென்ன இப்போ?"

"இல்ல, நீங்க வர்ற நேரத்துக்கு நான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன், மணி அடிச்சாலும் எந்திரிக்க மாட்டேன்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "தினமும் எப்படிங்க உள்ள வந்தீங்க?"

டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட பயணி மாதிரி முழித்தார் செக்கர்.

நர்ஸ் தம்பிதான் கதவைத் திறந்துவிட்டான். தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"கதவு போட்ட முதல் நாள் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் வெளியில நின்னீங்க சார். நானே இறங்கி வந்து திறந்தேன். யாரு என்னன்னு பார்க்காம எப்படித் திறக்கலாம்னு திட்டினீங்க. அதான் மறுநாள்லேருந்து அட்டை..."

"இத்தனை பேச்சு கேட்டியேப்பா, சொல்லியிருக்கலாமே?" என்றாள் தையல்காரம்மா.

"எல்லார் முன்னாலயும் எப்படிக்கா சொல்றது? சார் பெரியவரு."

"நாளையிலேருந்து ஒழுங்கா சாவியை எடுத்துட்டுப் போங்க" என்றாள் மனைவி.

"எப்படி எடுத்துட்டுப் போறது? வெளியில திருடன் இருக்கான்" என்றார் செக்கர். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

உள்ளே வந்தவர், கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். வேறு யார் காதிலும் விழாதபடி நர்ஸ் தம்பியின் தோளில் கை போட்டுச் சொன்னார்:

"நீ இனிமே அட்டைக்கு அலையாதே தம்பி. என் பீரோவுல நிறைய இருக்கு."