எதிர்ப்புறம் நின்ற பொறியாளர்

முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் ஒட்டிய அட்டையில் பொறியாளர் ஸ்லோமின்ஸ்கி என்று எழுதியிருந்தது.

ஸ்லோமின்ஸ்கி தெருவுக்கு எதிர்ப்புறம், புதிய கண்ணாடிக் கோபுரத்தின் அடியில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

வாசல் காவல்காரி லவோனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

ஹார்ட்விக் டவர் திறப்பு விழா. தொண்ணூற்றேழு வருடத்துக்கு முன் திறந்து, நாற்பது வருடத்துக்கு முன் பூட்டி, இப்போது பணக்காரர்களுக்கான அடுக்குமாடி வீடுகளாக மறுபடி திறக்கிறார்கள். எங்கள் டெட்ராய்ட்டில் ஒரு கட்டடத்தை ஒரே தடவை திறந்தால் யாருக்கும் திருப்தி வராது.

முப்பத்தெட்டாம் மாடி விளிம்பில் சுட்ட மண்ணால் ஆன கழுகுகள் எட்டு. ஒவ்வொன்றும் ஒரு பிக்கப் வண்டி அளவு. கார் கம்பெனிக்காரர்கள் பணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் வானத்தில் வைத்த காலத்துச் சரக்கு.

சில்லு உதிர்ந்து யார் மண்டையாவது பிளக்கும் என்று நடைபாதைக்கு மேல் பலகைக் கூரை போட்டிருந்தார்கள். பத்தொன்பது வருடம். அதற்கடியில் காதலித்து, கல்யாணம் செய்து, விவாகரத்தும் வாங்கியவர்கள் ஊரில் உண்டு.

அந்தக் கூரையை நேற்று மாலைதான் பிரித்தார்கள். ஸ்லோமின்ஸ்கி மூன்று வாரம் தொங்கு மேடையில் நின்று ஒவ்வொரு கழுகையும் மரச் சுத்தியலால் தட்டிக் கேட்டிருந்தார். கெட்டியான மண் கணீரென்னும். உள்ளே விரிசல் விட்டது தொப்பென்னும். எட்டும் கணீர் என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்.

உரிமையாளர் ஹார்கோர்ட் பேசிக்கொண்டிருந்தார். கழுகுகள் இந்த நகரத்தின் ஆன்மா என்றார். அவர் குடியிருப்பது நகரத்துக்கு வெளியே, ஏரிக்கரையில். ஆன்மா அங்கிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும் போல.

அவருடைய மேடை மட்டும் வாசல் வளைவுக்குள், தடித்த கருங்கல்லுக்கு அடியில் இருந்தது. அங்கே ஒலி நன்றாக இருக்குமாம்.

நாற்காலிகளுக்குப் பக்கத்தில், திறந்த நடைபாதையில், பள்ளிப் பாடகர் குழு. முப்பது பிள்ளைகள், அரக்குச் சிவப்பு அங்கி. இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக நின்றவள் லவோனின் மகள் இமானி.

லவோன் தெருவைக் கடந்து போய், உங்கள் நாற்காலி காத்திருக்கிறது என்றாள்.

இங்கிருந்து பார்த்தால்தான் கட்டடம் அழகு என்றார் ஸ்லோமின்ஸ்கி. பிறகு முட்டி வலி என்றார். பிறகு வெயில் கண்ணில் அடிக்கும் என்றார். அக்டோபர் மாதம், வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது.

காலிக் கட்டடத்தின் வாசலில் பதினெட்டு வருடம் நின்றவள் அவள். ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்பவனைத்தான் பையைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

பேசும்போது அவர் ஒரு தடவைகூட அவளைப் பார்க்கவில்லை. இடமிருந்து ஐந்தாவது கழுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு நேர் கீழே பாடகர் குழு.

இமானியை மட்டும் சைகை காட்டி வெளியே இழுத்துவிடலாம். மற்ற இருபத்தொன்பது பேரின் அம்மாக்களும் பக்கத்திலேயே நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாய் திறந்தால் வேலை போகும். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போகும். இமானிக்கு ஆஸ்துமா.

ஹார்கோர்ட் தண்ணீர் குடிக்க நகர்ந்தார். திரும்பி வந்திருந்த லவோன் மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் இங்க பாருங்க. எட்டுக் கழுகையும் கையால தட்டிப் பாத்து, கெட்டின்னு எழுதிக் குடுத்த மனுசன் அதோ அந்தாண்ட நிக்கிறாரு. கூச்சப்படுறாரு பாவம். நல்லா கை தட்டுங்க, வந்து நம்ம பிள்ளைங்க பக்கத்துல உக்காரட்டும்."

கை தட்டுவதில் எங்கள் ஊர்க்காரர்கள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. தெருவே அதிர்ந்தது. டிரம்பெட் வைத்திருந்த கிழவர் ஒருவர் கத்தினார்: "வாய்யா பெரிய மனுசா, நாற்காலி ஒண்ணும் கடிக்காது!"

ஸ்லோமின்ஸ்கி சிரித்தார். காப்பிக் கோப்பையை உயர்த்திக் காட்டினார். ஒரு காலை எடுத்துத் தெருவில் வைத்தார்.

மேலே பார்த்தார்.

காலைத் திரும்ப நடைபாதையில் வைத்துக்கொண்டார்.

கைதட்டல் மெலிந்தது. அவர் பார்த்த இடத்தை முதலில் ஓர் அம்மா பார்த்தாள். அப்புறம் டிரம்பெட் கிழவர். அப்புறம் எல்லோரும்.

யாரும் அலறவில்லை. ஒரு நாற்காலி கிரீச்சென்று நகர்ந்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் பாடகர் குழு, அம்மாக்கள், நகரசபை உறுப்பினர்கள் எல்லோரும் எதிர்ப்புறம் வந்து ஸ்லோமின்ஸ்கியை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இன்னும் பாடவே இல்லையே, என் மானத்தை வாங்கிவிட்டாயே என்று இமானி அம்மாவிடம் பல்லைக் கடித்தாள்.

ஹார்கோர்ட் எல்லோரையும் திரும்ப வரச் சொல்லி ஒலிபெருக்கியில் கெஞ்சினார். போய் அழைத்துவர வளைவை விட்டு ஓர் அடிகூட வெளியே வைக்கவில்லை.

அன்று எதுவும் விழவில்லை. ஒரு சில்லுகூட இல்லை. சரித்திர விழாவைக் கெடுத்த காவலாளி என்று பத்திரிகையில் படத்தோடு வந்தது.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. ஆதாரமின்றிப் பீதி கிளப்பியதற்காக லவோன் பணிநீக்கம். வெள்ளிக்குள் சீருடையையும் சாவிகளையும் ஒப்படைக்க வேண்டும்.

அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: பின்சந்து வழியாக மட்டும் வரவும். முன்பக்க நடைபாதையில் மறு அறிவிப்பு வரும்வரை யாரும் நடக்கக் கூடாது.