பெட்டி எந்தப் பக்கம்

"காலை எடுக்கச் சொல்லு உந்தாளை," என்றான் கிறகரி, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி.

உந்தாள் என்பது வின்சன்ட். தங்கையின் புருசன். ஓட்டுநர் இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் சப்பாத்துக்கும் கிறகரியின் மூக்குக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இருந்தும் பேச்சு நேரே போகாது.

"காலை எடுக்கட்டாம்," என்றாள் கதவடியில் நின்ற தங்கை யோசெப்பின்.

"நாலு மணிக்கு முன்னம் முடியுமோ எண்டு கேள், கொண்ணனை."

"முடியுமோ எண்டு கேக்கிறார், அண்ணை."

ஆறு வருடமாக இந்தக் கூத்துத்தான். ஒரு ஞானஸ்நான விருந்தில் நூறு பேர் பார்க்க வின்சன்ட் கிறகரியின் சட்டையைப் பிடித்தான். அன்றைக்கு நின்ற பேச்சு. இரண்டு கழுதைகளுக்கும் நடுவே அவள் தபால்காரியாகப் போனாள்.

லாசாலில் இருந்த, வாகனம் திருத்தும் கிறகரியின் கறாச்சுக்கு வின்சன்ட் விரும்பி வரவில்லை. அவனுடைய மோட்டார்ஹோம், படுக்கை அடுப்போடு வந்த வீட்டு வண்டி, தொண்ணூற்று நாலாம் ஆண்டுப் பழசு. செருகி விட்டுப் போக அதில் ஒரு பிளக் கிடையாது. ஒவ்வொரு வயராகத் தேடிப் பிடிக்கவேண்டும். மூன்று கறாச்சில் கையை விரித்துவிட்டார்கள்.

வேலை இதுதான்: பின்னால் கொளுவிய ட்ரெய்லருக்குத் தனியாகப் பிரேக் பிடிக்க ஒரு சின்னப் பெட்டி. அதன் முகத்தில் ஒரு பிடி. பெடலில் யாரும் கால் வைக்காவிட்டாலும், பிடியைத் தள்ளினால் ட்ரெய்லரின் சக்கரங்கள் இறுகும்.

ட்ரெய்லருக்குள் வீட்டுச் சாமான் முழுக்க இருந்தது. வேலை முடிந்த கையோடு கல்கரிக்குப் புறப்பாடு. நாலு நாள் ஓட்டம். நாலு நாளும் தானே ஓட்டுவதாக வின்சன்ட் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். யோசெப்பினோ, செயின்ட்-மிஷேல் பள்ளிப் பிள்ளைகளின் மஞ்சள் பஸ்ஸை ஒன்பது வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவள். 'பஸ் வேறை, இது வேறை' என்று அவள் வாயை அடைத்துவிட்டான், பெரிய மன்னன்.

அவன் ஸ்டியரிங் பிடிக்கிற சீத்துவம் கிறகரிக்குத் தெரியும். காதில் போன், கையில் கோப்பி, வேகம் வேறு. பக்கத்தில் இருக்கப் போகிறவள் தன் கூடப்பிறந்தவள்.

காலையில் ஒரு கெட்ட எண்ணம் வந்தது. ஒரு வயரை லூசாக விட்டால் பயணம் நின்றுபோகும். சீ, பிரேக்கில் விளையாடுகிறவன் மனிசனா?

அவன் பிசகினாலும் பிடி அவள் கைக்கு எட்டவேண்டும். அதனால் பொய் சொன்னான்.

"பெட்டி சாயாமல் மட்டமா இருக்கவேணும். மட்டமான இடம் அங்காலை, நீ இருக்கிற பக்கத்திலைதான் இருக்கு எண்டு சொல்லு."

வின்சன்ட் துள்ளி, தன் முழங்காலுக்கு மேலே இடத்தைத் தட்டிக் காட்டினான். "ஓட்டுறவன்ரை கைக்கு எட்டாத இடத்திலை ஆர் பூட்டுவான்? உவனுக்கென்ன விசரோ எண்டு கேள்!"

"எட்டாதாம், அண்ணை," என்றாள் யோசெப்பின். மிச்சத்தை விழுங்கிவிட்டாள்.

"அப்ப வேறை கறாச் பாக்கச் சொல்லு."

வின்சன்ட் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

பூட்டி முடித்ததும் முற்றத்திலேயே ஓட்டிப் பார்த்தார்கள். வின்சன்ட் மெதுவாக உருட்டினான். யோசெப்பின் பிடியைத் தள்ளினாள். ட்ரெய்லரின் சக்கரங்கள் கிறீச்சிட்டுப் பூட்டிக்கொள்ள, அவ்வளவு பெரிய வண்டி பிடரியில் பிடித்து இழுத்ததுபோல் நின்றது. கிறகரிக்கு அப்பாடா என்றிருந்தது.

அவள் கைகழுவ உள்ளே போனாள். கிறகரி ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். பின்னால் சப்பாத்துச் சத்தம்.

"மட்டமா இருக்கத் தேவையில்லை எண்டு எனக்குத் தெரியும். பெட்டியோடை வந்த புத்தகத்தை வாசிச்சனான்."

ஆறு வருடத்தில் முதல் நேர்ப் பேச்சு. கிறகரி திரும்பவில்லை.

"உனக்குப் பயந்து பேசாமல் விடேல்லை. போன மாசம் ஹைவேயிலை ரெண்டு தரம் கண் இருண்டு போச்சு. டொக்டரிட்டைப் போனால் லைசென்சைப் பறிச்சுப் போடுவாங்கள். பெட்டி அவளின்ரை பக்கமே இருக்கட்டும்." குரல் இறங்கி, உடனே ஏறியது. "அவளிட்டை வாய் திறந்தாயெண்டால் பல்லு இருக்காது."

கிறகரிக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. கண் இருளுகிறவன் ஓட்டுவானாம், பிடியில் கை வைத்தபடி அவள் நாலு நாள் காவல் இருப்பாளாம், அதுவும் எதற்கென்றே தெரியாமல்!

ஸ்குரூட்ரைவரை எடுத்துக்கொண்டு மோட்டார்ஹோமில் ஏறினான். பெட்டியைக் கழற்றினான். ஓட்டுநர் பக்கத்துக்குக் கொண்டுபோய், முழங்காலுக்கு மேலே, முன்னம் வின்சன்ட் காட்டிய அதே இடத்தில் வைத்துப் பூட்டினான்.

"டேய், என்ன செய்யிறாய்?"

"நீ கேட்ட இடத்திலைதானே வைக்கிறன்." கடைசி ஸ்குரூவையும் இறுக்கினான். "கத்து. இன்னும் பலமாக் கத்து. அவள் வந்து ஏனெண்டு கேக்கட்டும், சொல்லுறன்."

வின்சன்ட் அவள் போன கதவைத் திரும்பிப் பார்த்தான்.

யோசெப்பின் ஈரக் கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு வந்தாள். இடம் மாறியிருந்த பெட்டியைப் பார்த்தாள். கிறகரி ஸ்டியரிங்கடியில் தொங்கிய சாவியை உருவி, அவள் கைக்குள் வைத்து மூடினான்.

"அங்காலை ஏறச் சொல்லு உந்தாளை."

யோசெப்பின் சாவியைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். கிட்ட வந்து சத்தம் போடவேண்டியவன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வழக்கமாக 'ஏறட்டாம்' என்றுதான் சொல்லியிருப்பாள்.

"அங்காலை ஏறுங்கோ," என்றாள்.